கருணைக்கிழங்கைக் கைவிடலாகாது

ஒரு பொருள் அரிதாவதற்குக் காரணங்கள் இரண்டு. தூரதேசத்தில் விளைவதால் கைக்கெட்டாமல் அரிதாயிருப்பது ஒன்று. காலடியில் விளைந்தும் கவனிப்பாரின்றிக் குறைந்து, கடைசியில் அரிதாய்ப் போவது மற்றொன்று. முன்னதைப் பணங்கொடுத்து வரவழைத்துக் கொள்ளலாம். பின்னதன் விதையே அற்றுப்போன பிறகு எவ்வளவு பணங்கொடுத்தாலும் வரவழைக்க வழியில்லை. சேம்புக் குடும்பத்துச் செடிகளைப் பொறுத்தவரையில் இவ்விருவகை அருமையும் சென்னை மாநகரின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இன்று அருகருகே காணப்படுகின்றன. நகரவாசிகளைப் பற்றிய இவ்விஷயம் கிராமத்து நிலச்சுவான்தார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் எவ்வாறு சம்பந்தப்பட்டதென்பது ஆராயத்தக்கது.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மாடிவீடுகளின் தாழ்வாரங்களில் தொட்டிச்செடி வளர்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. 2020 ஆம் ஆண்டில் கொரோனா தொற்றின் காரணமாக ஜனங்கள் வீட்டிலேயே அடைபட்டிருந்த காலத்தில் இவ்வழக்கம் உலகெங்கும் ஊக்கம் பெற்றது. மெக்ஸிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் மரங்களைப் பற்றியேறும் மான்ஸ்டெரா, அமெரிக்க வெப்பநாடுகளின் பிலோடெண்ட்ரான், ஆந்தூரியம், ஆசியக் காடுகளின் அலொகேசியா ஆகியவை யாவும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் இலையில் வெள்ளைத் திட்டுகள் விழுந்த வகைகளின் மேல் மோகம் அதிகம். 2021 ஆம் ஆண்டில் நியூஸிலாந்து தேசத்தில் ஒன்பதே இலைகள் கொண்ட ராஃபிடோஃபோரா என்னும் கொடியொன்று ஏலத்தில் 27,100 நியூஸிலாந்து டாலருக்கு, அதாவது இந்திய நாணயத்தில் 13 லட்ச ரூபாய்க்கு மேல், விலைபோயிற்று.

இதைக் கேள்விப்பட்டு, நெல்லையும் வேர்க்கடலையையும் விட்டு இத்தகைய செடிகளை வளர்த்தால் லாபம் வராதா என்று எண்ணுகிற குடியானவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளைத் திட்டுள்ள இலைப்பகுதியில் பச்சையம் கிடையாது. ஆகையால் செடி மெதுவாகவே வளரும். விதையில் அக்குணம் பெரும்பாலும் இறங்குவதில்லை. தண்டை வெட்டிவைத்தே பெருக்க வேண்டும். விலை ஏறியதற்கு இதுவே காரணம். ஆனால் திசுவளர்ப்புச் சாலையில் ஒரு செடியை ஆயிரக்கணக்காகப் பெருக்கும் முறை கைகூடிய மாத்திரத்தில் அவ்விலை நில்லாது இறங்கிவிடும். கண்ணுக்கு மட்டும் விருந்தாகிற பண்டத்தின் விலை மோகத்தைப் பொறுத்தது. வயிற்றுக்கு உதவுகிற பண்டத்தின் விலையோ தேவையைப் பொறுத்தது. முன்னதை நம்பி நிலத்தை மாற்றுவது புத்திசாலித்தனமாகாது.

இச்செடிகளை வளர்க்கிறவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. செடிகளைக் கொணர்ந்து பழக்குவது சென்னைக்குப் புதிதன்று. டாக்டர் ராபர்ட் வைட் முதலியோரால் 1835 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கதீட்ரல் சாலையில்தான் இருக்கிறது. குறைகூறத்தக்கது வேறொன்று. அயல்நாட்டுச் செடியின் ஜாதியையும் பிறப்பிடத்தையும் வாய்ப்பாடாகச் சொல்லக்கூடிய ஒருவர், அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் தம் பாட்டியார் வாரந்தோறும் சமைத்ததுமான பிடிகருணையின் இலை எப்படியிருக்குமென்று அறியாதிருப்பதே வருந்தத்தக்கது. நகரத்தார் அறியாதது ஒருபுறமிருக்க, கிராமத்தாரும் அதை மறந்துவருவது அதனினும் வருந்தத்தக்கது.

சேம்புக் குடும்பத்தின் பெருமை சாமானியமானதன்று. சுமத்ரா தீவின் காட்டில் 1878 ஆம் ஆண்டில் ஓடோர்டோ பெக்காரி என்னும் இத்தாலிய தாவரநூலார் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பிரம்மாண்டமான பூங்கொத்தை உடைய செடியொன்றைக் கண்டார். அது 1889 ஆம் ஆண்டில் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் பூத்தபோது ஜனங்கள் திரள்திரளாகச் சென்று பார்த்தனர். அச்செடி அழியும் அபாயத்திலுள்ளதென்று 2018 ஆம் ஆண்டில் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோட்டங்கள்தோறும் அதைக் காப்பாற்ற முயன்றுவருகிறார்கள். அதனுடைய நேர் உறவே தமிழ்நாட்டுச் சேனைக்கிழங்கு. தாவர நூலில் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பதினேழாம் நூற்றாண்டில் வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ் என்னும் மலையாளநாட்டு மூலிகை நூலிலேயே சேனை படத்துடன் விவரிக்கப்பட்டிருக்கிறது. சேனை பூக்கும் காலத்தில் எழும் துர்நாற்றம் ஈயையும் வண்டையும் அழைப்பதற்காக அமைந்தது. ஒரே பூங்கொத்தில் பெண்பூ முந்தியும் ஆண்பூ பிந்தியும் முதிர்வதால், தனித்து நிற்கும் செடியில் விதை பிடிப்பது அரிது. ஆகவே கிழங்கைக் கொண்டே அது வம்சம் வளர்க்கப்படுகிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் அதன் அனுகூலமும் அபாயமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலையொட்டிய தெற்கு மாடவீதி காய்கறிக் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே கிழங்கு வாங்க வருகிறவர்கள் சேனை, கருணை என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தியே வழங்குவார்கள். யானைப்பாதம்போல் பெரிதாயிருப்பது சேனை. அதை வெட்டித் துண்டுபோட்டு எடைக்குக் கொடுப்பார்கள். கைப்பிடிக்குள் அடங்கும் சிறுகிழங்கு பிடிகருணை. மசியலுக்கு உரியது அதுவே. தமிழ்நாட்டின் வேறு ஜில்லாக்களிலோ பெருங்கிழங்கையே கருணை என்பர். காறும் வகை, காறா வகை என்ற பிரிவும் உண்டு. இந்தப் பெயர்க்குழப்பத்தினால் விளைந்த நஷ்டம் சிறிதன்று. ‘கருணை’ என்று கேட்டால் சேனையை நிறுத்துக் கொடுப்பதும், இரண்டும் ஒன்றே என்று வாங்குகிறவர் நினைத்துவிடுவதும் சாதாரணமாகிவிட்டன. சேனை எக்கடையிலும் கிடைக்கிறது. பிடிகருணையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? முதலாவது, நிலம். மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் இடையே முற்காலத்தில் நீண்ட ஏரியொன்று இருந்தது. 1923 ஆம் ஆண்டு தொடங்கி அவ்வேரி தூர்க்கப்பட்டு வீட்டுமனைகளாயிற்று. சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரால் தியாகராய நகரம் எழுந்தது. ஏரிக்கரையும் வாய்க்கால் ஓரமும் கொல்லைப்புறமும் இருக்குமிடத்தில்தான் சேம்பும் கருணையும் ஒருவர் உழைப்பையும் எதிர்பாராமல் தாமே நிலைத்திருக்கும். நகரம் விரிய விரிய அவ்விடங்கள் சுருங்கின. பிற்காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாகச் செங்கற்பட்டுச் சாலைவரையிலும் அதே கதை தொடர்ந்திருக்கிறது. இரண்டாவது காரணம், கிராமத்திலேயே நடந்த மாறுதல். காறாத தன்மையும் அதிக மகசூலும் உடைய சேனை ரகங்கள் வந்தபின், பழைய வகைகளை வைத்திருப்பதில் பிரயோசனமில்லையென்று குடியானவர்கள் கருதினார்கள்.

இக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆந்திர தேசத்துக் கொவ்வூரில் தெரிந்தெடுக்கப்பட்ட கஜேந்திரா ரகம் காறல் மிகக் குறைந்தது, ருசியுள்ளது, சந்தையில் தடையின்றி விலைபோவது. திருவனந்தபுரத்தையடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ பத்மா முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 12 முதல் 16 டன் வரை சேனை எடுக்கலாம். பிடிகருணை அவ்வளவு தராது. ‘பத்துப் பிடிகருணை சேர்ந்தாலும் ஒரு சேனைக்கு ஈடாகுமா?’ என்று குடியானவர் கேட்டால், எடையில் ஈடாகாது என்பதே உண்மையான விடை. நல்ல ரகத்தைப் பயிரிட வேண்டாமென்று சொல்வது இக்கட்டுரையின் கருத்தன்று. நிலம் முழுவதிலும் ஒன்றையே பயிரிட்டுப் பழையவற்றின் விதையையும் தின்று தீர்த்துவிடுவதே தவறு என்பதுதான் இங்கே வற்புறுத்தப்படுகிறது.

இதற்குச் சான்று இதே குடும்பத்துச் சேம்பிலிருந்தே கிடைக்கிறது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஸமோவா தீவுகளில் சேம்பே பிரதான ஆகாரம். ஏற்றுமதியிலும் அதுவே முதன்மையாயிருந்தது. அந்நிய சந்தையில் ஒரே ரகத்துக்கு நல்ல விலை கிடைத்ததால், பெரும்பாலோர் நியூவே என்னும் அந்த ஒரு ரகத்தையே நட்டார்கள். 1993 ஆம் ஆண்டில் இலைக்கருகல் என்னும் பூசண வியாதி அத்தீவுகளில் தோன்றிற்று. அந்த ரகத்துக்கு அவ்வியாதியை எதிர்க்கும் சக்தி இல்லை. எல்லோர் தோட்டத்திலும் அதுவே இருந்தமையால், ஒரு தோட்டத்தைக் கொன்ற வியாதி எல்லாத் தோட்டங்களையும் கொன்றது. அடுத்த ஆண்டிலேயே சேம்பு ஏற்றுமதி அற்பமாகிவிட்டது. பின்னர் அந்நாட்டாரைக் கைதூக்கியது எது? பலாவு முதலிய வேறு தீவுகளில் குடியானவர்கள் விட்டுவிடாமல் வைத்திருந்த பழைய சேம்பு வகைகளே. அவற்றோடு ஒட்டுச்சேர்த்துப் பல ஆண்டுகள் உழைத்த பிறகே வியாதியைத் தாங்கும் புதிய வகைகள் கிடைத்தன. பிரயோசனமில்லையென்று எவரும் அவற்றை எறிந்திருந்தால் ஸமோவாவின் கதி என்னவாயிருக்கும் என்பதை ஒவ்வொரு குடியானவரும் யோசிக்க வேண்டும்.

கிழங்கைத் துண்டாக்கி நடுகிற பயிரில் இந்த அபாயம் மற்றப் பயிர்களைக் காட்டிலும் அதிகம். விதையால் வளரும் பயிரில் செடிக்குச் செடி சிறிதேனும் வேற்றுமை இருக்கும். கிழங்கால் வளரும் பயிரிலோ ஒரு தாயின் துண்டுகளே ஓர் ஊர் முழுவதும் நிற்கின்றன. அன்றியும், இழந்ததைத் திரும்பப் பெருக்குவதும் எளிதன்று. ஒரு நெல்மணி ஒரே போகத்தில் நூற்றுக்கணக்கான மணிகளைத் தரும். அரைக்கிலோ சேனைத் துண்டோ ஒரு வருஷத்தில் சில கிலோ கிழங்கையே தருகிறது. ஆகவே அதைத் திரும்ப நட்டால் சில மடங்கே பெருகும். கையில் ஒரு கூடை விதை மிஞ்சியிருந்தால், ஓர் ஏக்கருக்கு வேண்டிய விதை சேர்வதற்குப் பல வருஷங்களாகும். ஒரு கிழங்கும் மிஞ்சாவிட்டால் அதுவும் இல்லை.

காறல் ஒரு குற்றமென்று தள்ளப்படுகிறது. கிழங்கிலும் இலையிலும் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு ஊசிபோன்ற நுண்ணிய படிகங்களாக அமைந்திருக்கிறது. அவை நாவிலும் தொண்டையிலும் குத்துவதாலேயே நமைச்சல் உண்டாகிறது. மாடிவீட்டு மான்ஸ்டெராவிலும் இதே ஊசிகள் உண்டு. குழந்தைகள் அதன் இலையைக் கடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கருணையைத் தோண்டியவுடன் சமையாமல் சிலநாள் காற்றாட வைத்திருந்து, அரிசி கழுவிய நீரில் நன்றாய் வேகவைத்து, தோலுரித்துப் புளி சேர்த்து மசிப்பது தொன்றுதொட்ட வழக்கம். பழங்கிழங்கே மேல் என்று மயிலாப்பூர்ச் சமையலறைகளில் சொல்வது இதனாலேயே. மூலவியாதிக்குக் கருணை நல்லதென்பது சித்த வைத்தியர்களின் கொள்கை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு உண்பது நலம். பக்குவம் தெரிந்தவர் கைக்குக் காறல் ஒரு தடையன்று. பக்குவம் மறந்துபோனதே தடை.

இனிச் சாகுபடியைக் கூறுவோமாக. தண்ணீர் வடியக்கூடிய செம்மண்ணும் இருமண்ணும் இப்பயிருக்கு ஏற்றவை. களியும் உவரும் ஆகா. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தபின் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். அக்காலத்தில் அதைக் குவியலாய்க் குவிக்காமல், காற்றோட்டமுள்ள நிழலில் ஒரே வரிசையாய்ப் பரப்பிவைக்க வேண்டும். மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் துடைத்து நீக்கிவிட வேண்டும். மாசி முதல் சித்திரை வரை நடவுக்குரிய பருவம்.

சேனையைத் துண்டாக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பாகம் இருக்கும்படி, பூசணிக்காயைக் கீறுவதுபோல் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். முளையில்லாத துண்டு வீண். துண்டுகளை டிரைக்கோடெர்மா கலந்த சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நட்டால் அழுகல் குறையும். மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து அரைக்கிலோத் துண்டு நடுவதானால் ஏக்கருக்கு 4,840 குழிகளும் சுமார் 2,400 கிலோ விதையும் பிடிக்கும். விதைச் செலவே இப்பயிரின் பெருஞ்செலவு. 100 கிராம் அளவுள்ள சிறுதுண்டுகளை இரண்டடிக்கு ஒன்றரையடியாக நடும் முறையில் அது சுமார் 1,450 கிலோவாகக் குறைகிறது. விதைக்கென்று பெருக்குகிறவர்களுக்கு இம்முறையே சிலாக்கியம். பிடிகருணையைத் துண்டாக்க வேண்டியதில்லை. முழுக்கிழங்காகவே ஒன்றரையடி இடைவெளியில் நடலாம். முளை மேல்நோக்கியிருக்க வேண்டும்.

ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் இடுவது அவசியம். குழிக்குள் மேல்மண்ணோடு கலந்து இட்டபின் வைக்கோலோ சருகோ பரப்பி மூடினால் ஈரம் நிற்கும், களை அடங்கும். ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் இலை கிளம்பும். தழைச்சத்து 40 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 60 கிலோ என்ற அளவை நட்ட 45 ஆம் நாளிலும் அதற்கு ஒரு மாதம் கழித்தும் பகிர்ந்து இட வேண்டும். மணிச்சத்தை மட்டும் முதல்தடவையிலேயே முழுவதும் இட்டுவிடலாம். சேனையில் மரம்போல் நிற்பது தண்டு அல்ல. ஒரே இலையின் காம்பு. அந்த ஓரிலை சமைத்தளிக்கும் உணவே கிழங்காகத் திரள்கிறது. களையெடுக்கும்போது அதை முறித்தால் அந்தக் குழியின் வருஷ மகசூலையே முறித்ததாகும்.

சென்னையைச் சூழ்ந்த ஜில்லாக்களில் வருஷ மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. கிழங்கு முற்றும் தறுவாயில் இம்மழை வருவதால் வடிகாலே இப்பயிரின் உயிர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வடிய வழியில்லாத நிலங்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் அறிவர். ஆவணியிலேயே மண்ணணைத்துப் பாரை உயர்த்தி வாய்க்காலைத் திருத்திவைக்கிறவர் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் ஸ்கிளிரோஷியம் என்னும் பூசணத்தால் இலைக்காம்பின் அடி அழுகிச் செடி சாயும். வேப்பம்பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா கலந்து அடியில் இடுவது நல்ல தடுப்பு. இலை நெளிந்து தேமல் கண்ட செடியை அடையாளமிட்டு, அதன் கிழங்கை விதைக்கு எடுக்காமல் விலக்க வேண்டும். தென்னந்தோப்பின் சிதறிய நிழலிலும் இப்பயிர் நன்கு வரும். ஆகையால் தனி நிலம் இல்லையென்பது ஒரு சாக்காகாது.

பழைய வகையைக் காக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், மறுப்பதற்கு இடமேயிராது. ஒன்றரையடி இடைவெளியில் நூறு பிடிகருணைச் செடிகளுக்கு 225 சதுர அடி, அதாவது சுமார் அரை சென்டு, போதும். கிணற்றடியில் ஒரு பாத்தி. தோப்பில் ஒரு வரிசை. வருஷந்தோறும் தோண்டியதில் திடமான நான்கிலொரு பங்கை விதைக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியை விற்றாலும் உண்டாலும் வம்சம் அறாது. பெரிய நிலமுடையவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும். ஒருபோகம் நஷ்டமானால் தாங்கக்கூடியவர்கள் அவர்களே. வாரத்துக்கு உழுகிறவரிடம் இப்பாரத்தைச் சுமத்துவது நியாயமன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யவேண்டியதும் உண்டு. கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாக இருந்த காலம் 1980 ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அடங்கல் கணக்கு முடியவில்லை. அக்கணக்கில் ‘கிழங்கு’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடாமல், சேனையா, பிடிகருணையா, சேம்பா, ஊரார் வழங்கும் பெயர் என்ன என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் கேட்டுக் குறித்துவைப்பார்களாயின், ஒரு வகை குறைந்துவருவது அது அழிவதற்கு முன்பே தெரியவரும். கணக்கில் இல்லாத பயிர் காணாமற்போனால் யாருக்கும் தெரிவதில்லை. உழவர் வழிவழியாகக் காத்துவந்த வகைகளுக்கு 2001 ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் மதிப்பளிக்கிறது. அத்தகைய உழவர்களைக் கௌரவிக்கும் ஏற்பாடும் அச்சட்டத்தின் கீழ் உண்டு. இதை ஊராருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் கிராம உத்தியோகஸ்தர்களே.

விவசாய இலாகாவினருக்கும் இதில் பொறுப்பு உண்டு. விளக்கவயலில் அதிக மகசூல் தரும் ஒரே ரகத்தை நட்டுக்காட்டுவது எளிது. வருகிறவர்கள் வியந்து போவார்கள். பக்கத்திலேயே இரண்டு வரிசை நாட்டுவகையையும் நட்டு, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதே கடினம். மாநகரின் மத்தியிலுள்ள சைதாப்பேட்டையில் 1868 ஆம் ஆண்டில் விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டு, 1906 ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. அதுவே வளர்ந்து 1971 இல் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளவு நீண்டகாலக் கல்வியின் பயன், புதியதைக் கொடுப்பதோடு பழையதைத் தொலையாமல் பார்த்துக்கொள்வதுமாகும்.

நகரவாசிகளும் துணைசெய்யலாம். தொட்டியில் மான்ஸ்டெரா வைக்கத் தெரிந்தவருக்குச் சாக்கில் கருணை வைப்பது பெரிதல்ல. தோட்டமண், மக்கிய எரு, தென்னைநார்க்கழிவு மூன்றையும் கலந்து அகன்ற சாக்கை நிரப்பி, அடியில் துளைகளிட்டு, காலை வெயில் படுமிடத்தில் வைத்துச் சித்திரையில் ஒரு கிழங்கை நட்டால் போதும். கடலோர வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றுநீர் உப்புக் கரிப்பதால், 2003 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பின் நீரை இதற்குப் பயன்படுத்தலாம். இலை பழுத்துச் சாய்ந்ததும் செடி செத்ததென்று எண்ணி எறிந்துவிடக் கூடாது. கிழங்கு உள்ளே உறங்குகிறது. தம் கையால் ஒருமுறை வளர்த்தவர் கடைக்குச் செல்லும்போது பிடிகருணையைப் பெயர்சொல்லிக் கேட்பார். பெயர்சொல்லிக் கேட்கிற வாடிக்கைக்காரர் இருந்தால் வியாபாரி தேடுவார். வியாபாரி தேடினால் குடியானவர் நடுவார்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 ஆம் ஆண்டில் காற்றில் சாய்ந்துவிட்டது. ஆயினும் மரம் அழியவில்லை. அதன் விழுதுகள் பல இடங்களில் ஊன்றியிருந்தமையால் அது இன்றும் தழைத்து நிற்கிறது. ஒரே அடிமரத்தை நம்பியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கிழங்குப் பயிரின் நிலைமையும் இதுவே. புதிய ரகம் அடிமரமாக இருக்கட்டும். பழைய வகைகள் ஊர்தோறும் விழுதாக ஊன்றியிருக்கட்டும். வரும் மாசியில் நடவுக்கு முந்தி ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் கொல்லையிலும் அண்டை வீட்டார் கொல்லையிலும் தேடிப் பார்த்து, மிஞ்சியுள்ள கருணை வகைகளில் ஒரு கூடையேனும் சேர்த்து அரை சென்டு நிலத்தில் ஊன்றிவைப்பார்களென்றும், கிராம உத்தியோகஸ்தர்கள் அவற்றின் பெயர்களைக் கணக்கில் ஏற்றுவார்களென்றும் நம்பப்படுகிறது.